சாவியைக் கொடுத்தால் மட்டும் போதுமா? பழைய காரை நேரடியாக விற்பவர்கள் அறிய வேண்டியவை

புதுடெல்லி: விலை பேசி முடித்து, பணத்தைப் பெற்றுக்கொண்டு, சாவியையும் ஒப்படைத்துவிட்டால் பழைய கார் விற்பனை முடிந்துவிட்டது என்றே பெரும்பாலானோர் கருதுகின்றனர். சட்டம் அப்படிக் கருதுவதில்லை. பதிவுச் சான்றிதழில், அதாவது ஆர்.சி.யில், யார் பெயர் இருக்கிறதோ அவரே வாகனத்தின் உரிமையாளர் என்பது மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் பிரிவு 2(30) தரும் அடிப்படை விளக்கம். வண்டி வேறு ஊரில், வேறொருவர் வீட்டு வாசலில் நின்றாலும், அதை ஓட்டுபவர் யாரென்றே தெரியாவிட்டாலும், பெயர் மாறும் வரை கேள்விகள் பழைய உரிமையாளரைத் தேடித்தான் வரும்.

இடைத்தரகரோ நிறுவனமோ இல்லாமல் நேரடியாக விற்றால் கையில் கூடுதல் பணம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் தரகர் செய்யும் வேலை முழுவதும் விற்பவரின் தலையில் விழுகிறது. காரைக் கழுவி, மெருகேற்றி, படம் பிடித்து விளம்பரம் கொடுப்பது அதில் எளிதான பகுதி. கடினமான பகுதி காகிதங்களில் இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

இதில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பு முக்கியமானது. அந்த வழக்கில் காரின் பதிவு பெற்ற உரிமையாளர் 2007-இல் அதை விற்றுவிட்டார். வாங்கியவர் அடுத்த ஆண்டு மற்றொருவருக்கு விற்றார். அவரிடமிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து மேலும் ஒருவர் எனக் கார் கைமாறிக்கொண்டே போனதாகக் கூறப்பட்டது. ஆனால் ஒருவரும் ஆர்.சி.யில் பெயரை மாற்றவில்லை. 2009 மே மாதம் அந்தக் கார் பின்னோக்கி நகர்ந்து மோதியதில் ஒருவர் உயிரிழந்தார், மற்றொருவர் காயமடைந்தார்.

இழப்பீட்டை யார் தருவது? பதிவு பெற்ற உரிமையாளரே தர வேண்டும் என்றது தீர்ப்பாயம். உயர் நீதிமன்றம் அதை மாற்றி, காரைக் கையில் வைத்திருந்தவர் மீது பொறுப்பைச் சுமத்தியது. இறுதியில் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. விபத்தில் பாதிக்கப்பட்டவரோ அவரது குடும்பமோ, பதிவே செய்யப்படாத கைமாற்றங்களின் சங்கிலியைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதே தீர்ப்பின் சாரம். காரை விற்று ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து நடந்த விபத்துக்கு, அதை விற்றவர் பொறுப்பேற்க நேர்ந்தது.

காப்பீடு நடப்பில் இருந்தால் மூன்றாம் நபர் இழப்பீட்டை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். வாங்கியவர் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் தொகை முழுவதும் பதிவு பெற்ற உரிமையாளரின் சொந்தப் பணத்திலிருந்துதான் போக வேண்டும். விபத்து மட்டுமே கவலை என்றும் சொல்ல முடியாது. 18 வயது நிரம்பாதவர் வண்டியை ஓட்டிக் குற்றம் இழைத்தால், அவருடைய பாதுகாவலரோடு வாகன உரிமையாளரையும் பொறுப்பாக்கும் பிரிவு 199ஏ, 2019 திருத்தத்தில் சட்டத்தில் சேர்ந்தது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் நிரூபிக்கும் சுமை உரிமையாளருடையது.

2025 நவம்பர் 10-ஆம் தேதி டெல்லி செங்கோட்டை அருகே கார் வெடித்த வழக்கிலும், புலனாய்வாளர்கள் முதலில் தேடிச் சென்றது ஆர்.சி.யில் பெயர் இருந்த ஹரியானாக்காரரைத்தான். அவர் அந்தக் காரை முன்பே விற்றிருந்தார். அதன்பின் அது பல கைகள் மாறியிருந்தது.

விளம்பரத்துக்கு முன் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள்

வாங்க ஆள் வந்த பிறகு காகிதங்களைத் தேடத் தொடங்கினால் பேரம் முறியும். அல்லது அவசரத்தில் தவறு நேரும். எனவே விளம்பரம் கொடுப்பதற்குச் சில வாரங்கள் முன்பே ஆர்.சி.யை வரிவரியாகப் படிப்பது நல்லது. என்ஜின் எண், சேஸிஸ் எண், நிறம், எரிபொருள், முகவரி ஆகியவை வண்டியோடும் உரிமையாளரோடும் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். சி.என்.ஜி. பொருத்தியும் ஆர்.சி.யில் பதியாமல் விட்டவர்கள், நிறத்தை மாற்றியும் தெரிவிக்காமல் இருப்பவர்கள் ஏராளம். பெயர் மாற்றத்தின்போது இவை தடையாக நிற்கும்.

அதிகம் பேர் சிக்கிக்கொள்ளும் இடம் வங்கிக் கடன். கடைசித் தவணை கட்டியதும் கடன் கணக்கு முடிந்துவிடும், ஆனால் ஆர்.சி.யில் உள்ள வங்கியின் பெயர் தானாக நீங்கிவிடாது. வங்கியிடம் தடையில்லாச் சான்றையும், அது கையொப்பமிட்ட படிவம் 35-ஐயும் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து அந்தப் பதிவை நீக்க வேண்டும். வங்கி தரும் சான்று பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் கடனை அடைத்துவிட்டு, சான்றைப் பீரோவில் வைத்து மறந்தவர்கள் மீண்டும் வங்கிக்கு நடக்க வேண்டியிருக்கும். கடன் நிலுவையில் இருக்கும்போதே விற்பதானால், வங்கியின் ஒப்புதல் இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது. வாங்குபவர் தரும் பணத்தில் கடனை அடைத்துவிடலாம் என்ற ஏற்பாடு வழக்கத்தில் உண்டு. அப்படியானால் பணம் கடன் கணக்குக்கே நேரடியாகச் செல்வது இருவருக்கும் பாதுகாப்பு.

அடுத்து, நிலுவை அபராதங்கள். மத்திய அரசின் இ-சலான் தளத்தில் வாகன எண்ணைக் கொடுத்தால் விவரம் தெரியும். சில மாநிலங்களின் போக்குவரத்துக் காவல்துறைக்குத் தனித் தளங்களும் உள்ளதால், வண்டி அதிகம் ஓடிய நகரங்களின் தளங்களையும் பார்த்துவிட வேண்டும். நிலுவை இருந்தால் பல மாநிலங்களில் பெயர் மாற்ற விண்ணப்பம் நகராது.

பரிவாகன் சேவைகள் பலவும் இன்று இணையவழிக்கு வந்துவிட்டன. ஆனால் உறுதி செய்யும் ஒருமுறைக் கடவுச்சொல், வாகனப் பதிவேட்டில் உள்ள கைப்பேசி எண்ணுக்குத்தான் வரும். பத்து ஆண்டுகளுக்கு முன் கார் வாங்கியபோது விற்பனையக ஊழியர் தம் எண்ணையே எழுதிவிட்டிருந்தால், அல்லது அந்த எண் இப்போது பயன்பாட்டில் இல்லாவிட்டால், எண்ணை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும். சிறிய வேலைதான், ஆனால் இதனாலேயே வாரக்கணக்கில் நின்றுபோகும் விற்பனைகள் உண்டு.

காப்பீடு, மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று ஆகிய இரண்டும் நடப்பில் இருக்க வேண்டும். காப்பீடு முடிய பத்து நாள்களே உள்ளன, வாங்குபவர் புதுப்பித்துக்கொள்வார் என்று விடுவது ஆபத்தான சிக்கனம். தனிப்பயன் கார்களின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் படிவம் 25 வழியாக ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 14 ஆண்டுகள் ஓடிய காருக்கு விலை சரிவதன் காரணம் இதுவே. டெல்லி தலைநகர் வட்டாரத்தில் பழைய டீசல், பெட்ரோல் வாகனங்களுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் நீதிமன்றங்களில் தொடர்ந்து விசாரிக்கப்பட்டு வந்திருப்பதால், அங்கே பதிவான வண்டியை விற்பவர்கள் அன்றைய நிலையை அறிந்த பிறகே விலை பேச வேண்டும்.

எதற்குச் செலவிடலாம், எதற்கு வேண்டாம்?

விற்கப்போகும் காருக்குப் புதிய பெயிண்ட் அடிப்பது பெரும்பாலும் வீண் செலவு. புதிதாக வண்ணம் பூசிய கதவைக் கண்டால், வாங்க வருபவருக்கு விபத்தை மறைக்கிறார்களோ என்ற ஐயமே முதலில் எழும். என்ஜின் அறையைப் பளபளக்கக் கழுவுவதும் அப்படித்தான். எண்ணெய்க் கசிவை மறைக்கச் செய்த வேலை என்று அனுபவமுள்ள மெக்கானிக் நினைப்பார். தண்ணீர் மின் இணைப்புகளில் புகுந்தால் புதிய கோளாறும் வரலாம்.

உள்ளே சுத்தம் செய்வது, முகப்பு விளக்கின் மங்கலை நீக்குவது, எரியாத பல்புகளை மாற்றுவது, உடைந்த கண்ணாடித் தூக்கியைச் சரிசெய்வது, ஏ.சி.யின் காற்று வடிகட்டியை மாற்றுவது ஆகியவை போட்ட பணத்தை மீட்டுத் தருபவை. எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அதற்கான காரணத்தைக் கண்டறியாமல் விற்பனைக்கு நிறுத்தக் கூடாது. இருபதாயிரம் ரூபாய் செலவாகும் பழுதுக்கு, வாங்குபவர் ஐம்பதாயிரம் குறைத்துத்தான் கேட்பார்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2321 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். வாங்க வருபவர்கள் இதை இப்போது பார்க்கிறார்கள். விற்பவரும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. பேட்டரியின் உத்தரவாத அட்டை, சர்வீஸ் ரசீதுகள், இரண்டாவது சாவி, கையேடு ஆகியவை ஒரே உறையில் இருந்தால், வண்டி எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதை அந்த உறையே சொல்லிவிடும். இரண்டாவது சாவி இல்லாத காருக்கு விலை குறையும் என்பது பழைய கார்ச் சந்தையின் எழுதப்படாத விதி.

விபத்தில் சிக்கியிருந்தாலோ, வெள்ளத்தில் மூழ்கியிருந்தாலோ அதை மறைக்காமல் சொல்லி, விற்பனைக் கடிதத்திலும் எழுதிவிடுவதே விற்பவருக்குப் பாதுகாப்பு. காப்பீட்டு நிறுவனங்களிடம் இழப்பீடு கோரிய விவரம் பதிவில் இருக்கும். சர்வீஸ் மையங்களின் கணினியிலும் இருக்கும். மறைத்தது பின்னர் வெளிப்பட்டால் தகராறு காவல் நிலையம் வரை போகும்.

கேம்பர் வேனாக மாற்றியிருந்தால்?

கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்த பிறகும், வேறு சில மாநிலங்கள் அதே வழியில் சென்ற பிறகும், படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்த பயண வேன்கள் மீது ஆர்வம் கூடியிருக்கிறது. வேனை வாங்கிச் சொந்தச் செலவில் உள்ளே மாற்றங்கள் செய்தவர்களும் இருக்கின்றனர். அவர்கள் விற்க வரும்போதுதான் ஆர்.சி. எவ்வளவு முக்கியம் என்பது முழுமையாகப் புரிகிறது.

தயாரிப்பாளர் அளித்த விவரங்களிலிருந்து ஆர்.சி.யின் விவரங்கள் வேறுபடும் அளவுக்கு வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது பிரிவு 52. அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப் பிரிவு 182ஏ வழிசெய்கிறது. மோட்டார் கேரவன்களுக்கென ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரநிலை தனியாக உண்டு. ஆகவே ஆர்.சி.யில் இருக்கைகளின் எண்ணிக்கை பன்னிரண்டு என்றும், உள்ளே இரண்டு இருக்கையும் ஒரு கட்டிலும் என்றும் இருந்தால், அந்த வேனை வாங்குபவர் பிரச்சினையையும் சேர்த்தே வாங்குகிறார். விற்பவருக்கு முன் இரண்டு வழிகள்தான். அனுமதி பெறத்தக்க மாற்றம் என்றால் ஆர்.சி.யில் பதிந்த பிறகு விற்கலாம். இல்லையேல் கழற்றிவிட்டுப் பழைய நிலையில் விற்கலாம். கழற்றிய படுக்கையையும் குளிர்பெட்டியையும் தனியே விற்பதில் தடை ஏதுமில்லை.

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன் இந்தியச் சாலைகளில் அரிது. என்றாலும், மோட்டார் வாகனம் என்ற சொல்லின் சட்ட வரையறைக்குள் டிரெய்லரும் அடங்கும் என்பதால் அதற்கும் தனிப் பதிவு தேவை. இழுக்கும் காரின் ஆர்.சி. அதற்குப் போதாது.

முறையாகப் பதிவான கேரவனை விற்பவர்கள், காரில் இல்லாத சிலவற்றைக் கூடுதலாகத் தயார்செய்ய வேண்டும். முதலில் கூரை. ஏ.சி.யும் காற்றுப்போக்கியும் பொருத்தத் துளையிட்ட இடங்களில் மழைநீர் கசியும். மரப்பலகையின் ஓரத்தில் கறையோ உப்பலோ தெரிந்தால் அதுவே சாட்சி. கசிவை அடைத்து, பலகை நன்கு காய்ந்த பிறகுதான் வண்டியைக் காட்ட வேண்டும். ஈர வாடையை வாசனைத் திரவியத்தால் மறைக்க முடியாது. தண்ணீர்த் தொட்டியையும் கழிவுநீர்த் தொட்டியையும் வடித்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். பயணத்துக்கான தனி பேட்டரி, இன்வெர்ட்டர், சூரியத்தகடு ஆகியவற்றின் வாங்கிய தேதி தெரியும் ரசீது இருந்தால் பேரத்தில் கை ஓங்கும். பார்க்க வருபவர் முன்னிலையில் குளிர்பெட்டியை இயக்கி, குழாயில் தண்ணீர் வரவழைத்துக் காட்டினால் ஆயிரம் விளக்கங்கள் தேவையில்லை.

வீட்டுச் சமையல் எரிவாயு சிலிண்டரை மட்டும் வண்டியிலிருந்து இறக்கிவிட வேண்டும். அது எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. முன்வைப்புத் தொகை கட்டி இணைப்புதாரர் பயன்படுத்துவது. வண்டியோடு சேர்த்து விற்கும் பொருள் அல்ல.

விலையும் வரியும்

காப்பீட்டுப் பத்திரத்தில் உள்ள ஐ.டி.வி. என்ற மதிப்பைச் சிலர் விலையின் அளவுகோலாகக் கொள்கின்றனர். அது தேய்மானக் கணக்கு மட்டுமே. ஓராண்டுக்கு மேல் இரண்டு ஆண்டு வரையான காருக்கு 20 சதவீதம், நான்குக்கு மேல் ஐந்து ஆண்டு வரை 50 சதவீதம் என்று கழித்துப் போடப்படுவது. சந்தையில் தேவை அதிகமுள்ள கார் அதைவிடக் கூடுதலாகவும், தேவை குறைந்தது அதைவிடக் குறைவாகவும் போகும். அதே மாடல், அதே ஆண்டு, அதே நகரத்தில் என்ன விலை சொல்கிறார்கள் என்று பார்ப்பதே பயன் தரும். சொல்லும் விலைக்கும் முடியும் விலைக்கும் இடைவெளி இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பழைய கார் விற்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்ற செய்தி 2024 டிசம்பரில் பரவி, பலரைக் கலங்கச் செய்தது. ஜி.எஸ்.டி. மன்றத்தின் ஜெய்சால்மர் கூட்டத்தில் எடுக்கப்பட்ட அந்த முடிவு, ஜி.எஸ்.டி. பதிவு பெற்று வணிகம் செய்வோருக்கானது. அதுவும் முழு விலை மீதல்ல, லாபத்தின் மீதே. ஒரு தனிநபர் தம் சொந்தக் காரை இன்னொரு தனிநபருக்கு விற்பதற்கு இந்த வரி இல்லை.

வரியைவிட ரொக்கம்தான் கவனிக்க வேண்டியது. ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமாக அபராதம் விதிக்கப்படலாம். அபராதம் கொடுத்தவருக்கு அல்ல, வாங்கியவருக்கு. காரை 4 லட்சத்துக்கு விற்று, முழுவதையும் நோட்டுகளாக எண்ணி வாங்குபவர் அந்த 4 லட்சத்தையும் இழக்க நேரலாம். இரண்டு தவணையாகப் பிரித்து வாங்கினாலும் பரிவர்த்தனை ஒன்றுதான்.

எனவே வங்கிப் பரிமாற்றமே சரி. என்.இ.எஃப்.டி.யும் ஆர்.டி.ஜி.எஸ்.ஸும் இப்போது எல்லா நாளும், எந்த நேரமும் இயங்குகின்றன. பணம் வந்ததாகக் காட்டும் குறுஞ்செய்தியையோ, வாங்குபவரின் கைப்பேசித் திரைப் படத்தையோ நம்பிச் சாவி கொடுக்கக் கூடாது. தம் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்து, தொகை வரவாகியிருப்பதை உறுதி செய்த பிறகே ஒப்படைக்க வேண்டும். ராணுவ வீரர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, காரைப் பார்க்காமலேயே விலைக்கு ஒப்புக்கொண்டு, முன்பணம் அனுப்புவதாகக் கூறி கியூ.ஆர். குறியீட்டை அனுப்பும் மோசடி நாடெங்கும் நடந்திருக்கிறது. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவைப்படுவதே இல்லை. எண்ணைப் பதியச் சொன்னால் அது உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் முயற்சி.

ஓட்டிப் பார்க்கக் கேட்பவரிடம் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு, உடன் அமர்ந்து செல்ல வேண்டும். தனியாகக் கொடுத்தனுப்பிய வண்டி திரும்பாமல் போன நிகழ்வுகள் உண்டு. ஆர்.சி.யின் தெளிவான படத்தை விளம்பரத்தில் போடுவதும் தேவையற்றது. நேரில் வருபவருக்குக் காட்டினால் போதும்.

ஒப்படைக்கும் நாளில்

விற்பனையைத் தெரிவிக்கும் படிவம் 29, பெயர் மாற்ற விண்ணப்பமான படிவம் 30 ஆகிய இரண்டும் முக்கியமானவை. 29-இல் விற்பவரும், 30-இல் இருவரும் கையொப்பமிட வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "பெயரை நாங்கள் மாற்றிக்கொள்கிறோம், கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டால், வாங்குபவர் பெயரோ தேதியோ எழுதாத வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுகின்றனர். அந்தப் படிவங்கள் காரோடு சேர்ந்து கைமாறிக்கொண்டே போகும். மேலே சொன்ன 2018 வழக்கைப் போன்ற சங்கிலிகள் உருவாக இந்த வழக்கம் பெரிதும் இடம் தருகிறது. வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி மூன்றையும் நிரப்பிய பிறகே கையெழுத்து. நகல் விற்பவரிடமும் இருக்க வேண்டும்.

இதோடு ஒரு டெலிவரி நோட்டும் எழுதிக்கொள்வது நல்லது. வாகன எண், சேஸிஸ் எண், விலை, ஓடிய கிலோமீட்டர், ஒப்படைத்த தேதி ஆகியவற்றோடு மணியையும் நிமிடத்தையும் குறிப்பிட வேண்டும். மாலை 5 மணிக்கு ஒப்படைத்த கார் 6 மணிக்கு விதிமீறினால் அந்த நேரக் குறிப்புதான் பேசும். பெயர் மாறும் வரை இது சட்டப் பொறுப்பை நீக்கிவிடாது. ஆனால் ஓட்டியவர் யார் என்று காவல்துறை கேட்கும்போது காட்டுவதற்கும், இழப்பீடு கட்ட நேர்ந்தால் வாங்கியவரிடம் திரும்பக் கோருவதற்கும் ஆதாரம் இதுவே.

ஃபாஸ்டேக் வண்டிக்கு உரியதானாலும், பணம் கழிவது விற்றவரின் கணக்கில்தான். ஒட்டியிருக்கும் வில்லையைக் கிழித்தால் மட்டும் போதாது. அதை வழங்கிய வங்கியிடம் தெரிவித்துக் கணக்கை மூட வேண்டும். காரின் திரையோடு இணைத்திருந்த கைப்பேசித் தொடர்புகள், வீட்டு முகவரி, அழைப்பு விவரங்கள் அனைத்தையும் அழித்து, காரைத் தொலைவிலிருந்து பூட்டவும் திறக்கவும் உதவும் செயலியிலிருந்தும் வண்டியை நீக்க வேண்டும். டேஷ் கேமராவின் நினைவக அட்டையை எடுத்துக்கொள்ளவும் மறக்கக் கூடாது.

காப்பீட்டில் விற்பவருக்குச் சாதகமான ஒன்று உண்டு. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான போனஸ் மனிதருக்கு உரியது, வண்டிக்கு அல்ல. ஐந்து ஆண்டுகள் கோராதிருந்தால் அது 50 சதவீதம் வரை இருக்கும். காப்பீட்டு நிறுவனத்திடம் சான்று பெற்றுக்கொண்டால், அடுத்து வாங்கும் காருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் அதைப் பயன்படுத்தலாம். வாங்குபவரோ 14 நாள்களுக்குள் காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு தானாகவே அவருக்கு மாறியதாகக் கருதப்படும் என்கிறது பிரிவு 157. சொந்தச் சேதத்துக்கான பகுதிக்கு அந்தச் சலுகை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே விளக்கியிருக்கிறது.

14, 30, 45: எந்தக் கணக்கு யாருக்கு?

வண்டி பதிவான மாநிலத்துக்குள்ளேயே விற்றால், விற்பவர் 14 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்குபவருக்கு 30 நாள் அவகாசம். வேறு மாநிலத்தில் பதிவான வண்டி என்றால் விற்பவருக்கு 45 நாள். பிரிவு 50 வகுத்துள்ள இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, வாங்குபவர் செய்வாரா என்று காத்திராமல் விற்பவர் தம் கடமையைத் தனியாகவே முடிக்கலாம், முடிக்க வேண்டும் என்பதுதான்.

வெளிமாநிலத்தவர் வாங்கினால் படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று பெற வேண்டும். வரி நிலுவையும் திருட்டு வழக்கும் இல்லை என்பதை அலுவலகம் சரிபார்த்த பிறகே அது கிடைக்கும். புதிய மாநிலத்தில் சாலை வரியை வாங்குபவர் மீண்டும் கட்ட வேண்டியிருப்பதால், அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்வது வழக்கம். பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் எஞ்சிய காலத்துக்கான பகுதியைத் திரும்பக் கோர வழி உண்டு, பொறுமையும் வேண்டும்.

நேரடி விற்பனை ஒத்துவராமல் பழைய கார் வணிகரிடம் கொடுக்க முடிவு செய்பவர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஒரு பாதுகாப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் வண்டியை ஒப்படைத்து, படிவம் 29சி வழியாக அதைத் தெரிவித்துவிட்டால், அன்று முதல் அந்த வணிகரே உரிமையாளராகக் கருதப்படுவார். வணிகர் அங்கீகாரம் பெற்றவரா என்று கேட்டறியாமல் கொடுத்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

ஏற்கெனவே விற்றுவிட்டவர்கள்

பல ஆண்டுகளுக்கு முன் விற்ற வண்டி இன்னும் தம் பெயரிலேயே இருப்பதை அபராத அறிவிப்பு வந்த பிறகுதான் சிலர் அறிகிறார்கள். காலம் கடந்தாலும், கையில் உள்ள ஆதாரங்களுடன் விற்பனையை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகை பெறுவது முதல் வேலை. வங்கிப் பரிமாற்ற விவரம், அன்றைய குறுஞ்செய்திகள், வாங்கியவரின் அடையாள அட்டை நகல் என எது கிடைத்தாலும் உதவும். வாங்கியவருக்கு ஒப்புகை பெறும் வகையில் அஞ்சல் மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவரைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது பெறலாம். அந்த வண்டிக்குக் காப்பீடு நடப்பில் உள்ளதா என்பதையும் உடனே பார்க்க வேண்டும்.

பரிவாகன் தளத்திலும் எம்-பரிவாகன் செயலியிலும் வாகன எண்ணைக் கொடுத்தால் இந்த விவரங்கள் தெரியும். உரிமையாளரின் பெயர் அங்கே முழுமையாகக் காட்டப்படாது. சில எழுத்துகள் மறைக்கப்பட்டிருக்கும். தெரியும் எழுத்துகள் இன்னும் உங்கள் பெயருடையவையா என்று பார்க்க அதுவே போதும்.